பழைய கணினிக்குப் புது விண்டோஸின் தோற்றம்: எது மாறும், எது மாறாது

2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வெளியானபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏராளமான கணினிகளுக்கு அதில் இடமில்லை என்று ஆகிவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்றெல்லாம் மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்தது. 2015, 2016-இல் வாங்கிய மடிக்கணினி ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தாலும் வாசலிலேயே நின்றுவிட்டது. அப்படி நின்றவர்களில் பலருக்கு வந்த ஆசை இதுதான்: இயங்குதளம் மாறாவிட்டாலும் பரவாயில்லை, அதன் தோற்றமாவது நம் திரைக்கு வராதா?

வரும். ஓரளவுக்கு நன்றாகவே வரும். இந்த ஆசையும் புதிதில்லை. 1995-இலேயே விண்டோஸ் 95-க்காக மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற ‘பிளஸ்!’ தொகுப்பில் டெஸ்க்டாப் தீம்கள் இருந்தன. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கண்ணாடி போன்ற சாளரங்களோடு கடைக்கு வந்தபோது, அதற்கு முந்தைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள் அதை விஸ்டா போலவே காட்டும் ‘டிரான்ஸ்ஃபர்மேஷன் பேக்’ தொகுப்புகளைத் தேடித் தேடி இறக்கினார்கள்.

இதையெல்லாம் வெட்டி வேலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் பார்க்கிற திரை கண்ணுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. அதோடு, ஒரு கணினி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி ஆரம்பநிலைக்காரருக்குக் கிடைப்பது கடினம். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் எந்த ஆழத்தில் போய்த் தொடுகிறது என்பது. மேலோட்டமான மாற்றத்தில் ஆபத்து இல்லை. ஆழமானது கணினியையே முடக்கலாம். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

திரையை வரைவது யார்?

டெஸ்க்டாப் நமக்கு ஒரே படமாகத் தெரிகிறது. உண்மையில் அதைப் பல பேர் சேர்ந்து வரைகிறார்கள். டெஸ்க்டாப் ஐகான்கள், கீழே உள்ள டாஸ்க்பார், நாம் திறக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் எக்ஸ்புளோரர் என்ற நிரலின் பொறுப்பு. சாளரத்தின் சட்டம், பட்டன், ஸ்க்ரோல்பார் ஆகியவை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது தீம் இயந்திரம். சாளரத்துக்கு உள்ளே இருப்பதை அந்தந்தச் செயலியே வரைந்துகொள்கிறது. விஸ்டாவிலிருந்து, இவை அனைத்தையும் ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்ப டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் என்று தனியாக ஒன்று வந்தது. கோப்புகளைச் சேமிப்பது, இணையத்தோடு பேசுவது, பாதுகாப்பைக் கவனிப்பது போன்ற வேலைகள் இவை எல்லாவற்றுக்கும் கீழே நடக்கின்றன. அங்கே தோற்றம் என்ற பேச்சே கிடையாது.

இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து திரும்ப வரும். திறந்திருந்த ஃபோல்டர்கள் மூடிக்கொள்ளலாம். ஆனால் வேர்டில் பாதி எழுதி வைத்திருந்த கடிதம் அப்படியே இருக்கும், ஓடிக்கொண்டிருந்த பாட்டும் நிற்காது. டாஸ்க்பாரும் இயங்குதளமும் ஒன்றல்ல என்பது அப்போது கண்ணெதிரே தெரியும்.

மேல் அடுக்கு

எளிதானதில் இருந்து தொடங்கலாம். விண்டோஸ் 11-ஐ நினைத்தாலே நினைவுக்கு வருவது, நீலத் துணியை மடித்து மடித்துப் பூவாக்கியது போன்ற அந்த வால்பேப்பர். அதை மட்டும் போட்டாலே பாதி மாறிவிட்ட உணர்வு வந்துவிடும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘பர்சனலைஸ்’ போனால் வால்பேப்பர், நிறம், வெளிர் அல்லது கருமை நிலை, டாஸ்க்பார் ஒளி ஊடுருவுவது எல்லாம் அங்கேயே இருக்கின்றன. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

இந்தத் தேர்வுகளை ஒரு தீமாகச் சேமிக்கும்போது உருவாகும் தீம் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து பாருங்கள். வால்பேப்பர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, நிறத்தின் எண் என்ன, கர்சருக்கு எந்தக் கோப்பு, ஒலிக்கு எந்தக் கோப்பு என்று வரிசையாக எழுதியிருக்கும். பிடிக்கவில்லையா, விண்டோஸின் பழைய தீமை ஒரு கிளிக்கில் திரும்பத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

ஐகான்களும் அப்படித்தான். ஒரு ஐகான் கோப்புக்குள் ஒரே படம் பல அளவுகளில் இருக்கும். எங்கே சிறியது வேண்டும், எங்கே பெரியது வேண்டும் என்று பார்த்து விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஃபோல்டரின் ஐகானை மட்டும் மாற்ற, அதன் பிராபர்டீஸில் ‘கஸ்டமைஸ்’ பகுதிக்குப் போனால் போதும். எல்லா ஃபோல்டர்களும் ஒரே அடியாக மாற வேண்டும் என்றால் கதை வேறு. பொதுவான ஐகான்கள் விண்டோஸின் சொந்த டிஎல்எல் கோப்புகளுக்குள் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்புகள்) பொதியப்பட்டிருக்கின்றன. அந்தக் கோப்புகளில் கைவைத்தால் நாம் மேல் அடுக்கைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

எழுத்துருவைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்பி தன் மெனுக்களை டஹோமா எழுத்துருவில் காட்டியது, விஸ்டா செகோ யூஐக்கு மாறியது, விண்டோஸ் 11 செகோ யூஐ வேரியபிள் என்ற அதன் புதிய வடிவத்தைப் பயன்படுத்துகிறது. இவை எவற்றிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழில் பெயரிட்ட கோப்பைக் காட்ட வேண்டி வந்தால், விண்டோஸ் வேறொரு எழுத்துருவை அழைத்துக்கொள்ளும். முன்பு அது லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ. ஆகவே எழுத்துருவை மாற்றும் தொகுப்பைப் போட்டால் ஆங்கிலப் பெயர்கள் புதுப்பொலிவோடு வரும், தமிழ்ப் பெயர்கள் இருந்தபடியே இருக்கும். எழுத்தின் அளவையும் வரியின் உயரத்தையும் ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்துக் குறைத்திருந்தால், நம் எழுத்துகளின் மேல் சுழியும் கீழ் வளைவும் வெட்டுப்படவும் கூடும்.

எக்ஸ்பி காலத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. ‘கெ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்வது யூனிஸ்கிரைப் என்ற தனிப் பகுதி. எக்ஸ்பியில் இந்திய மொழிகளுக்கான ஆதரவைக் கண்ட்ரோல் பேனலின் மொழி அமைப்புகளில் போய் நாமே சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்காத கணினியில் தமிழ் சிதறித் தெரியும். விஸ்டாவில் அந்த ஆதரவு தொடக்கத்திலிருந்தே இருந்தது. இப்போது எக்ஸ்பிக்கு விஸ்டா தீம் போட்டவரை நினைத்துப் பாருங்கள். திரை முழுக்க விஸ்டா போலவே மின்னும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கொம்பு இன்னும் தப்பான இடத்திலேயே நிற்கும். தோற்றத்துக்கும் திறனுக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

டாஸ்க்பாரை நடுவுக்குக் கொண்டுவருவது

விண்டோஸ் 11-இன் அடையாளம், நடுவில் வந்து உட்கார்ந்த டாஸ்க்பார் ஐகான்கள். விண்டோஸ் 10-இல் இதற்குக் கைமுறையாகவே ஒரு தந்திரம் உண்டு. ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்து, டூல்பார்ஸ் பகுதியில் அதைப் புது டூல்பாராகச் சேர்க்க வேண்டும். டாஸ்க்பாரின் பூட்டை எடுத்துவிட்டு, அந்தக் காலி டூல்பாரை இடப்பக்கத்துக்கு நகர்த்தினால் அது இடத்தை அடைத்துக்கொண்டு ஐகான்களை நடுவுக்குத் தள்ளிவிடும். அப்புறம் டூல்பாரின் பெயரை மறைத்துவிட்டு மறுபடி பூட்டிவிட வேண்டியதுதான். புதுச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் ஐகான்கள் தானாக நடுவில் சமன் செய்துகொள்ளாது என்பது ஒன்றுதான் இதில் குறை.

அந்தக் குறையும் வேண்டாம் என்பவர்களுக்கு டாஸ்க்பார்எக்ஸ் போன்ற சிறு நிரல்கள் இருக்கின்றன. ஸ்டார்ட் மெனுவை மாற்ற ஸ்டார்டாக் நிறுவனத்தின் ஸ்டார்ட்11 விலைக்குக் கிடைக்கிறது. பழைய பாணி மெனு வேண்டுமென்றால் ஓப்பன்-ஷெல் இலவசம். இவை விண்டோஸின் கோப்புகளைத் திருத்துவதில்லை. எக்ஸ்புளோரரின் பக்கத்தில் ஓடிக்கொண்டு, அது வரைவதை இடம் மாற்றியும் மறைத்தும் காட்டுகின்றன. நிரலை நிறுத்தினால் பழைய தோற்றம் திரும்பிவிடும். இந்த நடு அடுக்கில் ஆபத்து குறைவுதான், ஆனால் விலை உண்டு. கணினி தொடங்கும்போது இன்னொரு நிரல் சேர்ந்து தொடங்கும், நினைவகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் அப்டேட் எக்ஸ்புளோரரை மாற்றினால் இவை தடுமாறும், புதுப் பதிப்பு வரும்வரை காத்திருக்க நேரும். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் இப்படி நான்கு நிரல்களை அடுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோற்றத்தோடு கொஞ்சம் திறனும் கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11-இல் சாளரங்களைத் திரையில் பங்குபோட்டு வைக்கும் வசதி பலருக்குப் பிடித்தது. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்ஸிஸோன்ஸ், கிட்டத்தட்ட அதே வேலையை விண்டோஸ் 10-இல் செய்கிறது. என்னைக் கேட்டால், வட்டமான ஓரங்களுக்கு அலைவதைவிட இதை முதலில் போட்டுக்கொள்வேன்.

எக்ஸ்பியில் கண்ணாடி ஏன் வரவில்லை?

எக்ஸ்பியை விஸ்டாவாக மாற்றிய தொகுப்புகள் எல்லாவற்றையும் நகலெடுத்தன. கறுப்பு டாஸ்க்பார், உருண்டையான ஸ்டார்ட் பட்டன், பளபளக்கும் ஐகான்கள், ஓரத்தில் கடிகாரம் என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் கண்ணாடியை மட்டும் அவற்றால் சரியாகக் கொண்டுவர முடியவில்லை. சாளரத்தின் மேல்பட்டையில் கண்ணாடியின் பளபளப்பைப் படமாக வரைந்து வைத்தார்கள். அதற்குப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியவே இல்லை. தெரியவைக்கத் தனி நிரல்களைப் போட்டவர்களின் கணினி தள்ளாடியது.

காரணம், சாளரங்களை வரையும் முறையே இரண்டிலும் வேறு. எக்ஸ்பியில் எல்லாச் செயலிகளும் ஒரே கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நேரடியாகத் திரைக்கான நினைவகத்தில் வரைந்தன. ஒரு சாளரம் இன்னொன்றை மறைத்தால், மறைந்த பகுதி அழிந்துபோகும். மேலே இருந்ததை நகர்த்தினால், கீழே இருந்த செயலியை எழுப்பி “உன் இடத்தைத் திரும்ப வரை” என்று விண்டோஸ் சொல்லும். பின்னால் இருக்கும் படமே கையில் இல்லாதபோது, அதை மங்கலாக்கிக் காட்டுவது எங்கே?

இதன் விளைவை எக்ஸ்பி பயன்படுத்திய எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஒரு செயலி உறைந்துபோயிருக்கும். அதன் மேல் இன்னொரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால், போன வழியெல்லாம் அதன் நகல்கள் ஒட்டிக்கொண்டே வரும். உறைந்த செயலிக்குத் தன் இடத்தைத் திரும்ப வரைய முடியாததால் வந்த தடம் அது.

விஸ்டா இந்த ஏற்பாட்டை மாற்றியது. ஒவ்வொரு சாளரமும் தனக்கென்று நினைவகத்தில் உள்ள தனி இடத்தில் வரைந்து வைக்கும். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் அவற்றை எடுத்து, கிராபிக்ஸ் கார்டின் உதவியோடு அடுக்கித் திரையில் காட்டும். எல்லாப் படங்களும் தனித்தனியாகக் கையில் இருப்பதால், ஒன்றின் வழியே இன்னொன்றை மங்கலாகக் காட்டலாம், டாஸ்க்பாரில் ஓடும் படமாகச் சிறிதாக்கியும் காட்டலாம். அதனால்தான் ஏரோ என்ற அந்தத் தோற்றத்துக்கு டைரக்ட்எக்ஸ் 9 கிராபிக்ஸும், 128 எம்பி கிராபிக்ஸ் நினைவகமும், புது வகை டிரைவரும் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் நிரல்) தேவை என்று மைக்ரோசாஃப்ட் கேட்டது. கண்ணாடி ஒரு அலங்காரமாகத் தெரிந்தாலும், கீழே நடந்த பெரிய மாற்றத்தின் வெளிப்பாடு அது. விஸ்டா தீம் போட்ட எக்ஸ்பியில் ஒரு செயலி உறைந்தால், பழைய தடம் அப்படியே வந்துவிடும், விஸ்டாவின் பளபளப்போடு.

கையொப்பமும் கறுப்புத் திரையும்

சாளரத்தின் சட்டம், பட்டன்கள், ஸ்க்ரோல்பார் ஆகியவற்றின் வடிவத்தை விண்டோஸ் ‘விஷுவல் ஸ்டைல்’ என்ற கோப்பில் வைத்திருக்கிறது. எக்ஸ்பியின் நீல மேல்பட்டை, பச்சை ஸ்டார்ட் பட்டன் எல்லாம் அப்படி ஒரு கோப்பிலிருந்து வந்தவைதான். இந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். சரிபார்ப்பவர் யூஎக்ஸ்தீம் என்ற டிஎல்எல்.

வெளியார் தீம்களைப் போட விரும்பியவர்கள் அந்தச் சரிபார்ப்பையே முடக்கும் ‘பேட்ச்சர்’ நிரல்களைச் செய்தார்கள். எக்ஸ்பி இதற்கு எதிராகத் தன் முக்கியக் கோப்புகளின் பிரதிகளைத் தனியாக வைத்திருந்து, யாராவது மாற்றினால் சத்தமில்லாமல் பழையதைத் திரும்பப் போட்டுவிடும். அதையும் தாண்டி மாற்றினாலும், திருத்தங்களின் பெரிய தொகுப்பான அடுத்த சர்வீஸ் பேக் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிடும். பெரும்பாலும் திரை பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பியதோடு முடிந்தது.

விண்டோஸ் 10-இல் இது அவ்வளவு லேசாக முடிவதில்லை. விஷுவல் ஸ்டைல் கோப்புகள் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி. ஒரு பதிப்புக்குச் செய்ததை இன்னொன்றில் போட்டாலோ, போட்டிருக்கும்போது பெரிய அப்டேட் வந்தாலோ, உள்நுழைந்த பிறகு கறுப்புத் திரை மட்டும் மிஞ்சலாம். அதனால் இந்த ஆழத்துக்கு இறங்குமுன் சிஸ்டம் ரெஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளி போட்டு வைப்பது, முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்து வைப்பது, இரண்டும் கட்டாயம். வேலைக்கு இருக்கும் ஒரே கணினியில் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதைவிட எனக்குக் கவலை தருவது, ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாகச் சொல்லும் முழுத் தொகுப்புகள். அவை எந்தக் கோப்பை மாற்றுகின்றன என்று நமக்குத் தெரியாது. சிலவற்றோடு விளம்பர நிரல்கள் ஒட்டிக்கொண்டு வரும். “இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்” என்று ஒரு தொகுப்பு சொன்னால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்புகளைத் திருத்தும் நிரல் என்பதால் ஆன்டிவைரஸ் தவறாக எச்சரிக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் தவறான எச்சரிக்கையையும் சரியான எச்சரிக்கையையும் பிரித்தறிய ஆரம்பநிலைக்காரருக்கு வழி இல்லை.

லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தில் இந்தக் கையொப்பத் தகராறு கிடையாது. டெஸ்க்டாப்பே அங்கே கழற்றி மாற்றக்கூடிய ஒரு பகுதி. கேடிஇ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப்பில், டாஸ்க்பார் போன்ற பேனலை நடுவுக்குக் கொண்டுவருவதும் சாளரச் சட்டத்தை மாற்றுவதும் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. 2019 நவம்பரில் வந்த காலி லினக்ஸ் பதிப்பில் ‘அண்டர்கவர்’ என்று ஒரு வசதி சேர்த்தார்கள். ஒரு கட்டளை கொடுத்தால் டெஸ்க்டாப் அப்படியே விண்டோஸ் 10 போல மாறிவிடும், மறுபடி கொடுத்தால் திரும்பிவிடும். பாதுகாப்புச் சோதனைக்கான அந்த லினக்ஸைப் பொது இடத்தில் பயன்படுத்துபவர்கள், பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணை உறுத்தாமல் இருக்கத்தான் அது. லினக்ஸ் உலகிலும் தீம்களுக்கு எதிர்ப்பு உண்டு. அதே 2019-இல் க்னோம் என்ற இன்னொரு டெஸ்க்டாப்புக்கான செயலிகளை எழுதும் சிலர், லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவர்கள் எங்கள் செயலிகளுக்குத் தீம் போட வேண்டாம் என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். நிறம் மாறியதில் எழுத்து படிக்க முடியாமல் போனால், பயனர்கள் தீம் செய்தவரை விட்டுவிட்டுச் செயலியை எழுதியவரிடம் வந்து குறை சொல்கிறார்கள் என்பது அவர்களின் வருத்தம்.

தோற்றம் காக்காத இடம்

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற கோப்புப் பூட்டும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம், ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே போயிருந்தது. எக்ஸ்பிக்கு விதிவிலக்காக ஒரு திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, ஆனால் தாக்குதல் தொடங்கிய பிறகுதான். எக்ஸ்பி எந்தத் தீம் போட்டிருந்தாலும் அதுவரை அந்த ஓட்டை திறந்தேதான் இருந்தது.

விண்டோஸ் 10 இப்போது அதே இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் நாமே பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11 போல அலங்கரித்த கணினியில் இருப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தினமும் புதிய விண்டோஸின் முகத்தைப் பார்க்கும்போது, உள்ளேயும் அதுவே இருப்பது போன்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. வீட்டில் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ இப்படி மாற்றிக் கொடுத்தால், இது தோற்றம் மட்டும்தான் என்பதை அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்கும் இது தேவைப்படும். விற்பவர் திரையைக் காட்டி ‘விண்டோஸ் 11’ என்றால், அழகை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ‘அபௌட்’ பக்கத்துக்குப் போனால் பதிப்பின் பெயரும் ‘ஓஎஸ் பில்ட்’ என்ற எண்ணும் இருக்கும். உள்ளுக்குள் விண்டோஸ் 10, 11 இரண்டுமே தம்மை 10.0 என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. வேறுபாடு பில்ட் எண்ணில் இருக்கிறது. 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. 19045 என்று இருந்தால் அது விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு. உங்கள் சொந்தக் கணினியிலேயே அந்த எண் தெரிந்தால், வால்பேப்பர் தேடப் போவதற்கு முன் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, நீட்டிப்புத் திட்டத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.